சகலையின் ஈஸ்டும் என் ஆப்ப மாவும்

பொறாமைப்பட்டால் வயிறு எரியும் என்கிறார்கள். எனக்கு வயிற்றில் ஒன்றும் ஆவதில்லை, காதுதான் சூடாகும். பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கினாலோ, எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவன் எனக்கு மேலே போய் உட்கார்ந்தாலோ என் காது சாதாரணமாகவே இருக்கும். ஆனால் என் சகலை சஜினைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு காதும் கொதிக்க ஆரம்பித்துவிடும். ஊரில் எல்லாரையும் பார்த்துப் பொறாமைப்படுகிறவனுக்குக் குணம் சரியில்லை என்று அர்த்தம். நான் அப்படியில்லை. ஒரே ஒருவர்மீது மட்டும் ஒழுங்காக, விடாமல் பொறாமைப்பட்டு வருகிறேன்.

சஜின் என் மனைவி ஷீபாவின் தங்கை ஷைனியின் கணவர். ஷைனிக்கு ஜெர்மனியில் நர்ஸ் வேலை கிடைத்தது. இவரும் கூடவே போய் அங்கே ஏதோ கிடங்கில் வேலை பார்த்தார். சில வருஷம் கழித்து இருவரும் திரும்பி வந்து, திருவனந்தபுரத்தில் உள்ளூரில் ஒரு ஃபிளாட் வாங்கிக் குடியேறினார்கள். (ஊர்ப் பெயரே உள்ளூர்தான். ‘வெளிநாட்டுக்காரருக்கு உள்ளூரில் வீடு’ என்று நான் அடித்த ஜோக்குக்கு ஷீபாவைத் தவிர யாரும் சிரிக்கவில்லை.) வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சாக்லேட் கொண்டுவருவார்கள், சென்ட் கொண்டுவருவார்கள். சஜின் வீட்டிலேயே பீர் காய்ச்சும் வித்தையைக் கொண்டுவந்தார். நான் கரமனையில் ஆற்றோரம் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஒரு டைல்ஸ் கடையில் கணக்குப் பார்ப்பவன். என்னிடம் வித்தை என்று எதுவும் இல்லை.

(சட்டம் தெரிந்த வாசகர்கள் யாராவது இந்த இடத்தில் கை தூக்கினால், இனி வரும் ‘பீர்’ என்ற சொல்லை எல்லாம் ‘இஞ்சித் தண்ணீர்’ என்று திருத்தி வாசித்துக்கொள்ளும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.)

விவகாரம் ஒரு கிறிஸ்துமஸ் அன்று நெய்யாற்றின்கரையில், எங்கள் மாமனார் வீட்டில் தொடங்கியது. மாமா சபைக் கமிட்டியின் செயலாளர். குடிப்பழக்கம் கிடையாது. பண்டிகை நாட்களில் மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பு வீட்டின் பின்பக்கம் நின்று ஸ்டீல் டம்ளரில் கொஞ்சம் ‘தண்ணி’ குடிப்பார், அவ்வளவுதான். மதில் வழியாக யாராவது எட்டிப் பார்த்தால் மோர் என்று நினைத்துக்கொள்ள வேண்டும், அதற்காக ஸ்டீல் டம்ளர். அந்த டம்ளரில் சஜின் தன் கையால் காய்ச்சிய பீரை ஊற்றிக் கொடுத்தார். மாமா ஒரு வாய் குடித்தார். மீசையைத் துடைத்தார்.

“கொள்ளாம்,” என்றார்.

என் காது அந்த நிமிஷம் சூடானது.

கொள்ளாம் என்றால் நன்றாயிருக்கிறது என்று பொருள். இந்த ஊரில் மலையாளம் பேசுகிறவர்களுக்கும் தமிழ் பேசுகிற எங்களுக்கும் அந்தச் சொல் பொதுச்சொத்து. மற்றவர்கள் சட்டைக்கும் சாம்பாருக்கும் அதை அள்ளி வீசுவார்கள். மாமா வீச மாட்டார். எனக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் ஒருமுறைகூட என்னைப் பார்த்து அதைச் சொன்னதில்லை. நான் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்துக்கு “ம்” என்றார். அவருடைய பென்ஷன் குழப்பத்தை நான் வெயிலில் அலைந்து தீர்த்துக் கொடுத்தபோது “செரி” என்றார். வீட்டுக் கூரை ஒழுகியபோது ஆள் பிடித்து ஓடு மாற்றிக் கொடுத்தேன். அதற்கு “அந்த மூலையில ஒண்ணு கோணலா இருக்கு” என்றார். சஜினுக்கோ ஒரு டம்ளர் நுரைக்குக் கொள்ளாம்!

திரும்பும்போது பஸ் பாலராமபுரம் தாண்டியது. ஷீபா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

“எங்கப்பா உங்கள எப்பமாவது கொள்ளாம்னு சொல்லியிருக்காவளா?”

“இல்ல.”

“சின்ன வயசுலயும் ஷைனிக்குத்தான் எல்லாம் கொள்ளாம். அவ பாட்டு பாடினா கொள்ளாம், படம் வரைஞ்சா கொள்ளாம். நான் ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கிட்டு ஓடி வந்தா, அடுத்த தடவையும் வாங்குன்னுட்டு பேப்பர் படிப்பாவ.”

சொல்லும்போது அவள் குரல் தடுமாறியது. எங்கள் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கவில்லை. ஆனால் பொறாமையில் எங்களுக்குப் பத்துப் பொருத்தமும் இருப்பதை அந்த பஸ்ஸில்தான் கண்டுகொண்டேன்.

“நீங்களும் காய்ச்சுங்க,” என்றாள் ஷீபா. “எங்கப்பா வாயால உங்களுக்கு ஒரு கொள்ளாம் கேக்காம நான் விடமாட்டேன்.”

பீர் காய்ச்சுவது ஒன்றும் ராக்கெட் விடுவதில்லை என்று இணையத்தில் ஒரு தாடிக்காரர் சொன்னார். மால்ட் சாறு என்று டப்பாவில் வரும் பாகைத் தண்ணீரில் கரைத்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். ஆறியதும் ஈஸ்ட் போட்டு மூடிவைத்தால் மீதி வேலையை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். டப்பா, பூ, மூடிபோட்ட வாளி எல்லாம் பொறுக்கக்கூடிய விலைதான். ஈஸ்ட் மட்டும் ஒரு சின்னப் பொட்டலம், உள்ளே ஒரு கரண்டிப் பொடி; அதன் விலைக்குச் சாலைச் சந்தையில் நடுத்துண்டாக நெய்மீன் வாங்கி வீட்டில் எல்லாருக்கும் வறுத்துப் போடலாம்.

“பொன்னப் பொடிச்சா வச்சிருக்கான்?” என்று கேட்டாள் ஷீபா. நான் அவளுக்கு ஷைனியை ஞாபகப்படுத்தினேன். உடனே வாங்கச் சொல்லிவிட்டாள்.

முதல் பொட்டலத்தை எங்கள் ஊர் வெயில் கெடுத்தது. உருவான பானம் கனிந்த பாளையங்கோடன் வாழைப்பழம்போல மணத்தது. அதைத் தென்னைக்கு ஊற்றினோம். தென்னை குறை எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது பொட்டலம் போட்டபோது வாளியை ஈரத்துணியால் சுற்றிக் குளியலறையில் வைத்தேன். அது குடிக்கும்படி இருந்தது. மூன்றாவதற்குக் காசு கட்டும்போது ஷீபாவின் முகம் மாறிவிட்டது. பொறாமைக்கும் ஒரு பட்ஜெட் உண்டு என்று அவள் முகம் சொன்னது.

அந்தச் சமயம் பார்த்து சஜின் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபைக் கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, ஒவ்வொரு தடவையும் ஈஸ்ட் புதுசா வாங்குதியளா? ஐயோ, எந்தினு? நான் ஒருக்கா வாங்கினதாக்கும். பெங்களூர்லேருந்து ஐஸ் வச்சு வந்த லிக்விட் ஈஸ்ட். உங்க பொடிய விட வெல ஜாஸ்தி. ஆனா அடியில மண்டி கிடக்கும்லா, அத எடுத்து கழுவி ஃப்ரிட்ஜில வச்சா அடுத்த தடவைக்கு ஆச்சு. இப்போ எனக்க வீட்டுல ஆறாம் தலைமுற ஓடுது. ஒரு பாட்டில் தரட்டா?”

அவர் தரட்டா என்று கேட்டதில் ஒரு துளி கர்வம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொறாமைப்படுகிறவனுக்கு எதிராளி கஞ்சனாக இருந்தால் எவ்வளவு நிம்மதி! இவரோ அள்ளிக் கொடுக்கிற மனுஷன். நியாயமாகப் பார்த்தால் நான் கையேந்தி வாங்கிக்கொண்டு, கழுவுவது எப்படி என்றும் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

“வேண்டாம் சஜின்,” என்றேன். “நானும் மண்டி எடுத்து வச்சுத்தான் இருக்கேன். என்னோடது வேற ரகம்.”

ஷீபாவும் பின்னாலிருந்து, “அவங்க வீட்டு மிச்சம் நமக்கெதுக்கு?” என்று என் காதில் மட்டும் விழும்படி சொன்னாள். ஆக, வீட்டுக்குப் போனதும் நான் மண்டி எடுத்து வைத்தே ஆக வேண்டிய நிலைமை.

மூன்றாவது பீரைப் பாட்டில்களில் அடைத்த பிறகு வாளியின் அடியில் படிந்திருந்ததைச் சுரண்டினேன். கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றிக் கலக்கி, கசடை ஒதுக்கி, மேலே வந்ததை ஓர் ஊறுகாய் பாட்டிலில் ஊற்றினேன். (கழுவுவது என்றால் இதுதான். சோப்பைத் தேடியது உண்மை, தாடிக்காரர் தடுத்துவிட்டார்.) ஃப்ரிட்ஜில் வைத்ததும் மேலே தண்ணீரும் கீழே வெளுத்த குழம்பும் பிரிந்து நின்றன. அந்தக் குழம்புதான் ஈஸ்ட். ஒரு காசு செலவில்லாமல் கிடைத்த ஈஸ்ட்! ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து அதைப் பார்த்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாயைக் கொடுத்தேன். லெந்து காலம் தொடங்கியிருந்தது. ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாளும் மாமா வீட்டில் இறைச்சி இல்லை, டம்ளர் ‘தண்ணி’யும் இல்லை. ஈஸ்டர் மத்தியானம்தான் விரதம் முறியும். இந்த வருஷம் எல்லாரும் எங்கே கூடுவது என்று மாமா கேட்டிருந்தார். நான் எழுதினேன்: “எங்கள் வீட்டில். இஞ்சித் தண்ணீரும் நாங்களே. சஜின் சும்மா வந்தால் போதும்.”

சஜின் அதற்குச் சிவப்பு இதயம் ஒன்று போட்டார். என் காது மறுபடியும் சூடானது. இனிப் பின்வாங்க வழியில்லை. நாற்பது நாள் வாய் கட்டியிருந்த மாமாவின் முதல் டம்ளர் என் கையால். அதில் கொள்ளாம் வாங்கினால் வாங்கினது, இல்லாவிட்டால் ஷீபா ஆயுசுக்கும் தன் தங்கை முகத்தில் விழிக்க முடியாது.

இதற்கிடையில் லெந்து வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் முறைக்கு வந்தது. சபையார் பத்திருபது பேர் வருவார்கள், பாட்டு, ஜெபம், பிறகு பலகாரம். பெண்கள் உரிமையோடு ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுப்பார்கள். செயலாளர் மருமகன் வீட்டு ஃப்ரிட்ஜில் இது என்ன பாட்டில் என்று யாராவது கேட்டால்? யோசித்து யோசித்து ஒரு காரியம் செய்தேன். ஒரு துண்டுத்தாளில் கொட்டை எழுத்தில் ‘ஆப்ப மாவு’ என்று எழுதி பாட்டிலில் ஒட்டினேன். பார்க்கவும் அது ஆப்ப மாவு மாதிரியேதான் இருந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். ஷீபாவிடம் சொல்லத் தோன்றவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாளே எங்கள் மாமியார் உதவிக்கு வந்துவிட்டார். மாமி சுடும் கள்ளப்பம் சபையில் பிரபலம்: தேங்காயோடு ஜீரகமும் சின்ன உள்ளியும் அரைத்துப் போட்டு, மெத்தென்று இருக்கும். அன்றும் ஆப்பம் குண்டு குண்டாகத்தான் எழும்பி வந்தது. ஆனால் வாயில் வைத்தால் கசப்பு. அப்படி இப்படிக் கசப்பில்லை, வேப்பங்கொழுந்து மென்ற மாதிரி. நானும் தின்றேன். தேங்காய் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, மருமகனுக்குரிய மரியாதையோடு முழுங்கினேன். சபையார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்போது போதகர் கடலைக்கறியைத் தொட்டு நாலாவது ஆப்பத்தை முடித்துவிட்டுச் சொன்னார்.

“ஆண்டவருடைய பாடுகளின் நாட்களை நாவிலும் ஞாபகப்படுத்தணும்னு அம்மாவுக்குத் தோணியிருக்கு. நல்ல ஆலோசனை.”

அவ்வளவுதான், கசப்பு பக்தியாகிவிட்டது. எல்லாரும் இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றார்கள். மாமி ஒன்றும் விளங்காமல் விழித்தார். பிறகு தலையைக் குனிந்து அந்தப் புகழை ஏற்றுக்கொண்டார். அடுத்த வாரக் கூட்டத்தில் இன்னொரு வீட்டம்மா போட்டிக்கு வெந்தயம் அரைத்து ஊற்றினாராம். மாமிக்கு வந்த பேரைப் பார்த்தும் எனக்குக் கொஞ்சம் காது சுட்டது, மறைப்பானேன்.

கூட்டம் முடிந்த சனிக்கிழமை ஈஸ்டர் பீருக்குக் காய்ச்சினேன். ஆறவைத்து, பாட்டிலை எடுத்துக் குலுக்கி, உள்ளே இருந்ததை ஒரு சொட்டு விடாமல் வாளியில் ஊற்றினேன். கமகமவென்று ஆப்ப மணம் வந்தது. நல்ல ஈஸ்ட் ரொட்டி மாதிரி மணக்கும் என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். அங்கே ரொட்டி என்றால் இங்கே ஆப்பம், சரிதானே என்று சந்தோஷப்பட்டேன். குட்டிக் குட்டியாக ஏதோ மிதந்தது. அது முந்தின தடவை ஹாப்ஸ் பூவின் மிச்சம் என்று முடிவு செய்தேன். மறுநாள் வாளி பொங்கிக் குளியலறை முழுக்க நுரை. இவ்வளவு வேகமாகச் சஜினின் ஆறாம் தலைமுறைகூடப் பொங்கியிருக்காது என்று ஷீபாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவரும் வாளியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றோம். எங்கள் இருவருக்கும் அவ்வளவு சந்தோஷமான ஞாயிற்றுக்கிழமை சமீபத்தில் வாய்க்கவில்லை.

ஈஸ்டர் அன்று விடியற்கால ஆராதனை முடிந்து எல்லாரும் கரமனைக்கு வந்தார்கள். ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஆற்றைப் பார்த்தபடி மாமா நின்றார். ஸ்டீல் டம்ளரை அவரே நெய்யாற்றின்கரையிலிருந்து பையில் கொண்டுவந்திருந்தார். நான் பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். நுரைக்குக் கீழே நிறம் கொஞ்சம் கலங்கலாக இருந்தது. மேலே எண்ணெய்போல மினுமினுப்பு. சமையலறை வாசலில் ஷீபா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

மாமா குடித்தார். ஒரு வாய், இன்னொரு வாய். கண்ணை மூடினார். டம்ளரைக் காலிசெய்துவிட்டு மீசையைத் துடைத்தார்.

“கொள்ளாம்,” என்றார். “கொள்ளாம் கேட்டியா எட்வினே. பண்டு பனையிலேருந்து எறக்கின ஒடனே குடிச்ச மாதிரி இருக்கு.”

பதினாறு வருஷம்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஷீபாவைப் பார்த்தேன், அவள் ஷைனியைப் பார்த்தாள், பார்த்த பார்வையில் முதல் ரேங்க் வாங்கிய பள்ளிக்கூடத்துப் பெண் இருந்தாள். அந்த இடத்தில் யாராவது வந்து பாட்டிலை மூடியிருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியான மனுஷன்.

சஜின் தன் கிளாஸை எடுத்தார். முதலில் மோந்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கொஞ்சம் வாயில் விட்டு உருட்டினார். நெற்றி சுருங்கியது.

“அண்ணே, இதுல ஜீரகம் போட்டியளா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் சஜின் கேட்டு நான் தெரியாது என்று சொல்வதா?

“பின்னே? போடாம?” என்றேன்.

“சின்ன உள்ளியும் உண்டு அல்லே?”

“கொஞ்சமாட்டு.”

“தேங்கா?”

“அது இல்லாம எப்படி?”

“அண்ணே!” என்று சஜின் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க பயங்கர ஆளாக்கும். ஜெர்மனியில தலகீழா நின்னாலும் இப்படி ஒண்ணு யோசிக்க மாட்டானுவ. இது எப்படித் தோணிச்சு?”

“எல்லாம் ஒரு கைப்பக்குவம்தான்,” என்றேன். வாய் கூசவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் கரமனை ஆற்றங்கரையில் மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பம் இப்படித்தான் காய்ச்சுகிறது என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

“இஞ்ச காட்டு,” என்று ஒரு குரல் கேட்டது. மாமி. ஆயுசில் பீர்ப் பக்கம் வராதவர், ஜீரகம், உள்ளி என்று காதில் விழுந்ததும் வந்துவிட்டார். சஜின் கையிலிருந்த கிளாஸை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். ஒரே ஒரு மோப்பம்தான்.

“எனக்க ஆண்டவரே, இது எனக்க ஆப்ப மாவுல்லா!”

கிளாஸை என்னிடம் நீட்டியபடி மாமி சொன்னார்.

“அன்னைக்கி ஜெபக்கூட்டத்துக்கு மாவு அரைச்சனா, ஒங்க ஃப்ரிட்ஜில ‘ஆப்ப மாவு’ன்னு எழுதி பாட்டில் இருந்துது. ஷீபா பழைய மாவு எடுத்து வச்சிருக்கான்னு நெனச்சு அத முழுசா மாவுல விட்டுத்தான் பொங்க வச்சேன். பொறவு எனக்க மாவுல ரெண்டு கரண்டி எடுத்து அந்தப் பாட்டில்லயே விட்டு வச்சேன், அடுத்த தடவைக்கு ஆவட்டும்னு. எப்பமும் அப்படித்தான செய்யது?”

எப்போதும் அப்படித்தான் செய்கிறது. எங்கள் பக்கத்துப் பெண்கள் ஆப்பம் சுட்டால் அடுத்த தடவைக்கு ஒரு கரண்டி மாவு நிறுத்தாமல் இருக்க மாட்டார்கள். ஈஸ்டைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கும் வித்தையைப் பெங்களூர் கூரியரிலும் தாடிக்காரரிடமும் தேடிக்கொண்டிருந்த எனக்கு, அது என் வீட்டு அடுப்படியிலேயே நடக்கிற காரியம் என்று உறைக்கவே இல்லை. நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஈஸ்ட் சபையார் வயிற்றுக்குப் போய்விட்டது. மாமியின் மிச்ச மாவு என் வாளிக்கு வந்துவிட்டது.

ஷைனிதான் முதலில் சிரித்தாள். சஜின் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். மாமா சிரிக்கவில்லை. அவர் மெதுவாக எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அப்போ,” என்றார், “அன்னைக்கு ஆப்பத்துல விட்டது என்னது?”

நான் ஷீபாவைப் பார்த்தேன். ஷீபா கரண்டியைப் பார்த்தாள்.

“அது மாமா... பீரோட அடிமண்டி.”

“பீரு மண்டியா?” மாமா டம்ளரைக் கீழே வைத்தார். “போதகரு நாலு ஆப்பம் தின்னாரு.”

“ஆமா மாமா.”

“லெந்து நாள்ல.”

“ஆமா மாமா.”

“செயலாளருக்க மருமவன் வீட்டுல.” ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கொள்ளாம்! நல்லாக் கொள்ளாம்!”

இதே சொல்லை இழுத்துச் சொன்னால் ‘நீ விளங்கின மாதிரிதான்’ என்று பொருள். பதினாறு வருஷம் காத்திருந்ததற்கு ஒரே மத்தியானத்தில் இரண்டு கொள்ளாம் கிடைத்தது, இரண்டாவது முதலாவதைத் தின்றுவிட்டது. மாமி ஒரு பக்கம் தன் கசப்பு பக்திக்குக் கிடைத்த பேரெல்லாம் போச்சே என்று மூக்கைச் சிந்தினார். இந்த வீட்டு விஷயம் இந்த மதிலைத் தாண்டக் கூடாது என்று மாமா எல்லாரிடமும் சத்தியம் வாங்கினார். ஷீபா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் மெதுவாகத் திறந்து பார்த்தபோது அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து பக்கத்தில் போனால் சிரிப்பு. சிரித்துக்கொண்டே என் முதுகில் ஒன்று வைத்தாள், பலமாகவே.

மிச்சமிருந்த பாட்டில்களைத் தென்னைக்கு ஊற்றத் தூக்கியபோது சஜின் ஓடிவந்து தடுத்தார்.

“களையாதிய அண்ணே! சத்தியமாட்டு, நல்ல சாதனமாக்கும் இது. இந்த அடிமண்டிய எனக்குத் தாங்க. நான் கழுவி வளத்துக்கிடுதேன்.”

கேலி செய்கிறார் என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். கேலி இல்லை. ஷைனி மண்டி இருந்த பாட்டிலை மடியில் வைத்துக் கொண்டுபோனாள். சஜின் அதைக் கழுவி, தேற்றி, அதைக்கொண்டு பீர் காய்ச்சினார். நான் உளறிய ஜீரகத்தையும் தேங்காயையும் அளவாகச் சேர்த்தார். அடுத்த ஓணத்துக்கு வந்த அவருடைய கூட்டாளிகள் எல்லாம் அதற்கு அடிமையாகிவிட்டார்கள். நியாயமான மனுஷன் என்பதால் அந்த ஈஸ்டுக்கு என் பெயரையே வைத்தார். பாட்டிலில் அழகான எழுத்தில் ‘எட்வின்’ என்று ஒட்டியிருக்கிறது. என் பிழையைக்கூட அவர் திருத்திப் பேர் வாங்கிவிட்டார். அந்தப் பேரும் என் பேர். காது சூடாகாமல் என்ன செய்யும்?

அதன் பிறகு என் மைத்துனி போன் செய்தால் பேச்சே ஒரு தினுசாக இருக்கும். “அத்தான், இன்னைக்கி உங்களக் கழுவி ஃப்ரிட்ஜில வச்சாச்சு.” “அத்தான், நேத்து நீங்க பொங்கி வழிஞ்சு தரையெல்லாம் நாசம்.” “உங்களப் பாதி எடுத்து மேல் வீட்டுக்காரருக்குக் குடுத்துட்டாரு, அவருக்கும் ஒங்கள ரொம்பப் பிடிச்சுப் போச்சு.” மாமா பண்டிகைக்குப் பண்டிகை உள்ளூருக்குப் போனார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “எட்வின் இருக்கானா?” என்பார். பக்கத்தில் நிற்கிற நான், இருக்கிறேன் மாமா என்று இரண்டு தடவை பதில் சொல்லி அவமானப்பட்ட பிறகு நிறுத்திவிட்டேன்.

போன மழையில் உள்ளூர்ப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லை. சஜினும் ஷைனியும் ஊரில் இல்லாத நேரம். திரும்பி வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தால் பாட்டில் வெடித்து, உள்ளே இருந்தது கெட்டு நாறிக்கிடந்தது. மேல் வீட்டுக்காரர் தன் பங்கை எப்போதோ தீர்த்திருந்தார். மனம் உடைந்துபோன சஜின் குடும்பக் குழுவில் எழுதினார்: “எட்வின் போயாச்சு. வலிய விஷமம்.” (மலையாளத்தில் வலிய விஷமம் என்றால் பெரிய துக்கம். தமிழில் என்னவென்று உங்களுக்குத் தெரியும்.)

நான் அப்போது முடிவெட்டும் கடையில் கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்தால் ஷீபா கையில் போன். மறுமுனையில் மாமி ஊருக்கே கேட்கும்படி ஒப்பாரி. ஷீபா சொல்வதைக் காதில் வாங்கவே இல்லை. கடைசியில் மாமா போனைப் பிடுங்கினார். ஷீபா ஸ்பீக்கரைப் போட்டு என்னிடம் நீட்டினாள்.

“மாமா, நான்தான் பேசுதேன். எனக்கு ஒண்ணுமில்ல.”

“எட்வினா?”

“ஆமா மாமா. முடி வெட்டப் போயிருந்தேன். போனது நான் இல்ல, சஜின் வீட்டுப் பாட்டில்.”

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தேன்.

“பாட்டிலா?” மாமாவின் குரல் உடைந்தது. “எல்லாம் போச்சா? அடியில கொஞ்சங்கூட மிச்சமில்லியா?”

“இல்லையாம் மாமா.”

“எனக்க கர்த்தாவே!” என்றார் மாமா. “நான் நீதான்னு நெனச்சுல்லா மனச தேத்திக்கிட்டு இருந்தேன்.”

ஷீபா தரையில் உட்கார்ந்து சிரித்துவிட்டு, அடுத்த நிமிஷமே இதை ஷைனிக்குச் சொல்லிவிட்டாள். இப்போது திருவனந்தபுரத்தில் எங்கே கரண்ட் போனாலும் சொந்தக்காரர்களில் யாராவது ஒருவர் எனக்குப் போன் செய்து, இருப்பது நல்ல எட்வினா மற்றவனா என்று விசாரிக்கிறார்.